முடிச்சூர் மொட்டை மாடியில் பத்து நாள்

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவன் சென்ட் பாட்டில், கம்பளி, பால் பவுடர் டின் கொண்டுவருவான். நான் அந்த முறை இரண்டு விசாப் படிவங்கள் கொண்டுவந்தேன். ஒன்று மனைவி ரஹீமாவுக்கு, இன்னொன்று எட்டு வயது மகள் ஷமீமாவுக்கு. ஏழு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக அங்கே தனியாகக் கிடந்த பிறகு, குடும்பத்தோடு இருக்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ரஹீமா கையெழுத்துப் போட்டால் போதும். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது அப்படித்தான் நினைத்தேன்.

2006ஆம் வருடக் கோடை அது. ரஹீமா இரும்புலியூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் வெளிநாட்டில் இருக்கும்போது அங்கேதான் இருப்பாள். நான் ஊரில் இருக்கும்போதும் பாதி நாள் அங்கேதான் இருப்பாள். காரணம் நான்தான். எனக்குக் கோபம் வரும். கை நீட்டியதில்லை, ஆனால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவேன். குழம்பில் உப்பு குறைந்தாலும் கத்துவேன், கரண்ட் போனாலும் அவள்மேல்தான் கத்துவேன்.

படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு டிவி மேல் வைத்தாள்.

"போட மாட்டேங்க."

"ஏன்?"

"இங்க நீங்க கத்துனா பொண்ணக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துடுறேன். அங்க கத்துனா நான் எங்க போறது? கடலுக்கா?"

நான் கத்தினேன். அந்தக் கேள்விக்கு அதைவிட மட்டமான பதில் இருக்க முடியாது. ஷமீமா ஓடிவந்து டிவி சத்தத்தைக் குறைத்தாள். யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் அவள் செய்யப் பழகியிருந்த வேலை அது.

ரஹீமா நான் முடிக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்: "என்கூடப் பத்தாவது படிச்சாளே சுமதி, ரயில்வேல டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கா. காலைல முடிச்சூர்ல தியானம் சொல்லித் தர்றா. பத்து நாள் போங்க. மட்டம் போடாமப் போங்க. அப்புறம் வாங்க, பேசலாம்."

அப்படித்தான் என் பயணம் தொடங்கியது. கடல் தாண்டி வந்தவனுக்கு அதைவிடக் கஷ்டமான பயணம் பெரும்பாக்கத்திலிருந்து முடிச்சூர்.

பெரும்பாக்கத்தில் என் அக்கா பானு வீட்டில் தங்கியிருந்தேன். இன்றைக்குப் பார்க்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகள் அப்போது இல்லை. சதுப்பு, எருமை, நடுநடுவே மனைக்கற்கள். காலையில் மூடுபனி மாதிரி ஒன்று தண்ணீர் மேல் நிற்கும். அதை நான் அப்போது ரசித்ததில்லை. பஸ் வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்த இடத்தை நினைத்தால் அந்தப் பனிதான் முதலில் வருகிறது, பஸ் வரவில்லை.

முதல் நாள் கிளம்பும்போது அக்கா கேட்டாள்: "பஜ்ரு தொழுதுட்டு அப்படியே கண்ணை மூடி உக்காந்தா ஆவாதாடா? அதுக்கு முடிச்சூர் வரைக்கும் போவணுமா?"

"ரஹீமா சொல்லியிருக்கா."

"அப்ப போ. நான் சொன்னா எங்க கேக்கப் போற?"

தாம்பரம் கிழக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரயில்வே நடைமேம்பாலம் ஏறி மேற்கில் இறங்கி, அங்கே ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேரை ஏற்றிவிட்டு டிரைவர் பன்னிரண்டாவது ஆளுக்காகக் காத்திருந்தான். மஸ்கட்டில் நான்கு பேர் போகிற டாக்ஸியில் ஐந்தாவது ஆள் ஏறினால் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவான். அதை நான் சத்தமாகச் சொன்னேன்.

"அப்ப அங்கியே போய் ஏறு பாய்," என்றான். வண்டியே சிரித்தது.

எல்லப்பன் வீட்டு மொட்டை மாடியில்தான் வகுப்பு. மேலே கீற்றுக் கொட்டகை, கீழே கோரைப்பாய். எல்லப்பனுக்கு அங்கே வயல் இருந்தது. மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சுமதி என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். நீல நிறப் புடவை, கையில் சாப்பாட்டுக் கூடை. எட்டரைக்குக் கவுன்ட்டரில் இருக்க வேண்டும் என்பதால் வகுப்பு ஆறரைக்கு. சாமி படம் இல்லை, ஊதுபத்தி இல்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

"கண்ணை மூடிக்கோங்க," என்றாள். "மூச்சு போய் வர்றதக் கவனிங்க. நடுவுல நெனப்பு வரும். வரட்டும். தொரத்தாதீங்க. அது பின்னாடியும் போகாதீங்க. வந்திருக்குன்னு பாருங்க, போதும்."

யாரோ ஒருவர், "ஸ்டேஷன்ல நின்னு ரயில் போறதப் பாக்குற மாதிரிங்களா மேடம்?" என்றார்.

"தயவுசெஞ்சு ரயில் வேணாம் சார். நாள் பூரா அதத்தான் பாக்குறேன்."

அரை மணி நேரம். அரபு நாட்டு வெயிலில் மாடியில் கம்ப்ரெசர் தூக்கியிருக்கிறேன். அது இதைவிடச் சுலபம். முடிந்ததும் ஒவ்வொருவரும் எந்த நினைப்பு அதிகம் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரே வரி, கதை கூடாது. அது அவள் வைத்த விதி.

"அந்த ஷேர் ஆட்டோக்காரன் பன்னெண்டு பேரு ஏத்துறான், கேட்டா திமிரா..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு வரிண்ணா."

"கோவம்."

அடுத்தது எல்லப்பன். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார்: "வட. கண்ண மூடுனா வடதான் வந்துகினே கீது. நான் இன்னா பண்றது?"

இரண்டாம் நாள் செம்பாக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி என்ஜினை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. ஸ்பானர் வாங்கி நானே முடுக்கினேன். கண்டக்டர், "பாய், நீ டெய்லி இந்த வண்டிலயே வா, டிக்கெட்டே வாங்காத," என்றார். இருபது நிமிடம் தாமதமாக, கையெல்லாம் கிரீஸோடு மாடியேறி, நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

சுமதி கையைப் பார்த்தாள். "எதைப் பார்த்தாலும் கை வச்சிடுவீங்களாண்ணா?"

"ரிப்பேரானத பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியாம்மா?"

"ஆமா. இங்க அதான் வேலை."

எனக்கு அது புரியவில்லை. மூன்றாம் நாள் என் வழியில் செய்து பார்த்தேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. மூன்று கட்டம்: புகார், காரணம், செய்த வேலை. மூன்றையும் நிரப்பினால்தான் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவான். கண்ணை மூடிக்கொண்டு வருகிற நினைப்பையெல்லாம் அந்த அட்டையில் ஏற்றினேன். புகார்: ரஹீமா கையெழுத்துப் போடவில்லை. காரணம்: அவள் அம்மா ஏற்றிவிடுகிறாள். செய்த வேலை: மாமியாரிடம் போய் இரண்டில் ஒன்று கேட்பது. அரை மணி நேரத்தில் ஒன்பது அட்டை முடித்தேன். எழுந்தபோது சட்டை நனைந்திருந்தது. இன்றைக்கு நன்றாக உட்கார்ந்தேன் என்று நினைத்து, அட்டைக் கதையைச் சுமதியிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "மூணாவது கட்டத்தக் காலியா விடுங்க."

"விட்டா சூப்பர்வைசர் கையெழுத்துப் போட மாட்டான்."

"ரெண்டாவதையும் விட்டுடுங்க."

"அப்ப அது இன்னாத்துக்கு அட்டை?" என்றார் எல்லப்பன், எனக்காக.

அன்று திரும்பும் வழியெல்லாம் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டாவது ஆளாகத் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்கள் போனதும் மிஷினைத் திறப்பார்கள். நான் அவர்கள் கையைத் தட்டிவிடுவேன். முதலில் ஓடவிடு, பக்கத்தில் நின்று காது கொடு, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேள், ஸ்பானர் அப்புறம் என்பேன். மிஷினிடம் எனக்கு அந்தப் பொறுமை இருந்தது. வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

நான்காம் நாள் அப்படி உட்கார்ந்தேன். ஓடவிட்டேன். ரஹீமா பற்றி ஒரு நினைப்பு வந்தது, நின்றது, வேறு ஒன்று வந்தது. நடுவில் மூன்று மூச்சு எதுவும் இல்லை. மாடிக்குக் கீழே யாரோ பம்பு அடிக்கும் சத்தம் மட்டும். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பம்பு சத்தம் காதில் இருக்கிறது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தால் பாசி படிந்த ஒரு குட்டை, அதன் ஓரம் நாலு கொக்கு, அரைகுறையாக நிற்கும் செங்கல் சுவர்கள், ‘அனுமதி பெற்ற மனைகள்’ என்ற போர்டுகள். அழகான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதைப்போல் ஒரு ஊர் பிறகு அமையவில்லை.

ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்ததும் எல்லப்பன் என் தோளில் கைபோட்டார். "அர மணி நேரமா உள்ள வந்துகினு இருந்தது இதான் பாய். வா, நேர்லயே பாத்துடலாம்."

முடிச்சூர் சாலையில் ஒரு கீற்றுக் கடை. வடகறியும் செட் தோசையும். வடகறியில் பட்டையும் சோம்பும் மணக்க, மேலே எண்ணெய் மிதந்தது. மஸ்கட்டில் குபூஸ் ரொட்டியும் பருப்புமாக ஏழு வருடம் ஓட்டியவன் நான். நான்காவது தோசைக்குப் பிறகுதான் நிமிர்ந்தேன். எல்லப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்சாரம் வரமாட்டேன்னுதாமே?"

"யாரு சொன்னா?"

"நீதான் மொத நாளே மாடிப்படில நின்னுகினு சம்சாரத்தாண்ட ஃபோன்ல கத்துனியே. தெருவுக்கே தெரியும்."

கோபம் வந்தது. வந்ததைப் பார்த்தேன். காதில்தான் முதலில் வருகிறது, சூடாக. நாற்பது வயதுக்கு வந்துவிட்டேன், என் கோபம் காதில் ஆரம்பிக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்ப்பதற்குள் இன்னொரு வடகறி சொல்லிவிட்டார் மனுஷன்.

ஆனால் ஆறாம் நாள் எல்லாம் போயிற்று. நடைமேம்பாலத்தில் கூட்டம். ஒருவன் என் காலை மிதித்துவிட்டு, "பாத்து நில்லுய்யா," என்று என்னையே சொன்னான். என் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது. பிடித்த பிறகுதான் அதைப் பார்த்தேன். ஆபீஸ் போகிற ஆள், டை கட்டியிருந்தான், பயந்துபோயிருந்தான். விட்டுவிட்டு இறங்கினேன்.

வகுப்பில் என் முறை வந்தபோது, "கோவத்தப் பாத்தேன். ஆனா கை போனதுக்கு அப்புறம்தான் பாத்தேன். இது உருப்படாது," என்றேன். அது மூன்று வரி. சுமதி விட்டுவிட்டாள்.

"போன வாரம்னா எப்பப் பாத்திருப்பீங்க?"

யோசித்தேன். "பாத்திருக்கவே மாட்டேன்."

"சரி. அடுத்தவங்க சொல்லுங்க."

ஏழாம் நாள் சொல்ல ஒன்றுமில்லை. அன்று மழை தூறியது, பாயைச் சுருட்டி எல்லப்பன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம்.

எட்டாம் நாள்தான் அது வந்தது. கோபம் எதுவும் இல்லாத காலை. காற்று நன்றாக இருந்தது. மற்ற நினைப்பெல்லாம் அடங்கிய பிறகு, அடியில் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. பெரிய சத்தங்கள் நின்ற பிறகுதான் கேட்கிற, கம்ப்ரெசரின் அடிச்சத்தம் மாதிரி. கை வைக்காமல் காது கொடுத்தேன். 'அங்கே வந்துவிட்டால் எங்கே போவாள்' என்றது அது.

அது புது நினைப்பு இல்லை. மஸ்கட்டில் அந்தப் படிவத்தை நிரப்பும்போதே அது ஓடிக்கொண்டிருந்தது. அதில் கோபமே இல்லை. நிம்மதி இருந்தது. இனி கதவைச் சாத்திக்கொண்டு போக அவளுக்கு ஒரு அம்மா வீடு இருக்காது என்கிற நிம்மதி. ஏழு வருடப் பிரிவு, பிள்ளைப் பாசம் என்றெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேனே, அதுவும் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இது இருந்தது. ரஹீமா பயந்தது எதற்கோ, நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது அதையேதான்.

"அண்ணா?" சுமதி என் ஒரு வரிக்குக் காத்திருந்தாள்.

"டீ," என்றேன்.

எல்லப்பனுக்கு ஒரே சந்தோஷம். "பாய் நம்ம பக்கம் வந்துட்டாருப்பா!"

ஒன்பதாம் நாள் மட்டம் போட்டேன். தாம்பரம் வரை வந்தேன், மாடிப்படி ஏற மனம் வரவில்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் சுற்றினேன். பூக்காரிகள், கருவாட்டுக் கூடைகள், கேசட் கடையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பாட்டு. மத்தியானம் பிரியாணி வாங்கினேன். பாதியில் வைத்துவிட்டேன். அந்த நினைப்புக்கு நான் ஒரு அட்டை எழுத முயன்றுகொண்டிருந்தேன். என் மண்டைக்குள் ஓடுவது யாருக்குத் தெரியும்? நாளைக்கும் போய்விட்டு வந்து, பத்து நாள் முடிந்தது, கத்தவில்லை பார் என்று காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அங்கே போய் நல்லபடியாக நடந்துகொண்டால் தீர்ந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை சரி என்று முடிக்கும்போதும் அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் போனேன். என் முறை வந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "இது கேக்க வேண்டிய ஆளு வேற."

மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய பிறகு சுமதி கேட்டாள்: "அவகிட்ட சொல்லுவீங்களா?"

"சொன்னா அவ வர மாட்டா."

"நான் அதைக் கேக்கலையே."

"நீ ரஹீமாகிட்ட ஏதாவது சொன்னியா? நேத்து நான் வரலேன்னு?"

"இல்லண்ணா. டைம் ஆச்சு, நான் கெளம்பணும்." சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கவே கால் மணி நேரம் ஆனது. இரும்புலியூரில் ரஹீமா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே போய் டீ போட்டார். ஷமீமா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

"முடிஞ்சதா பத்து நாள்?"

"ஒம்பது. நேத்துப் போகல." அவள் நிமிர்ந்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். "முந்தாநேத்து ஒரு நெனப்பப் பாத்தேன். அங்க வந்துட்டா நீ எங்கயும் போக முடியாதுன்னு எனக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கு. அதுக்கும் சேத்துத்தான் விசா கேட்டிருக்கேன். இப்பச் சொல்லிட்டேன். உன் இஷ்டம்."

கீரைக் காம்பை ஓரமாகப் போட்டாள். அடுத்த காம்பை எடுத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரம்ஜானுக்கு ஃபோன் பண்ணுனப்ப நீங்களே சொன்னீங்க. 'இங்க வந்தா எங்க ஓடுவன்னு பாக்குறேன்'னு. சொல்லிட்டுச் சிரிச்சீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. இன்று வரை இல்லை.

"நான் சொன்னேனா?"

"சொன்னது உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னுதான் எனக்குத் தெரியல. கேட்டா கத்துவீங்க. அதுக்குத்தான் சுமதிகிட்ட அனுப்புனேன்."

மாமி டீயை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "பரவால்ல, வாயத் தொறந்து உண்மையச் சொல்றதுக்கும் ஒரு கிளாஸ் இருக்கு," என்றார்.

காது சூடாயிற்று. எழுந்துவிட்டேன். ரஹீமா கீரையை மடியிலிருந்து இறக்கினாள். எந்நேரமும் எழுந்து உள்ளே போகத் தயாராகிறவளின் அசைவு அது. அதை அதற்கு முன்னால் எத்தனை முறை செய்திருப்பாள், நான் பார்த்ததே இல்லை.

"வருது," என்றேன். "இரு."

இருந்தாள். நின்றபடியே பார்த்தேன். காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து கை. டீயில் ஆடை படிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உட்கார்ந்தேன். டீயைக் குடித்தேன்.

"கையெழுத்துப் போடுறேன்," என்றாள் ரஹீமா. "ஆனா எனக்கும் பொண்ணுக்கும் ரிட்டன் டிக்கெட் எடுத்துக் குடுங்க. தேதி போடாத டிக்கெட்டு. அது என் கையில இருக்கணும், பாஸ்போர்ட்டும் என்கிட்ட இருக்கணும். என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு நான் கெளம்புவேன். நீங்க ஏன்னு கேக்கக் கூடாது."

அதற்கும் கோபம் வந்தது. நியாயமான விஷயத்துக்குத்தான் எனக்கு அதிகம் வரும். பார்த்தேன். "சரி," என்றேன்.

அந்தக் காலத்தில் ஒரு வருடம் செல்லுபடியாகும் தேதி போடாத டிக்கெட் கொடுத்தார்கள். பின்பக்கம் சிவப்பாக மை ஒட்டும் காகிதப் புத்தகம். தேதி போடாததற்குக் கூடுதல் விலை. வாங்கி அவள் கையில் கொடுத்தேன். மஸ்கட்டில் துணி அலமாரியில், என் கண்ணில் படுகிற தட்டில் வைத்தாள். காலாவதி ஆக ஆக நானே புதிது வாங்கி வைத்தேன். ஐந்து வருடம் அங்கே இருந்தோம்.

இரண்டு முறை அதை எடுத்தாள். முதல் முறை அங்கே போய்ச் சேர்ந்த எட்டாம் மாதம், நான் கத்திய மறுநாள். இரண்டாவது முறைக்கும் காரணம் அதேதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. விமான நிலையத்துக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு முறையும் இரும்புலியூரில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

திரும்பி வருவதற்கான டிக்கெட்டை இரண்டு முறையும் நான் வாங்கவில்லை. வருகிறேன் என்று ஃபோனும் வரவில்லை. அவளே தாம்பரத்தில் வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, கதவைத் தட்டினாள்.